சோப்பு வேர்க்குது, விரியுது, நுரைக்கல: கடலூர், புதுச்சேரி வீட்டுச் சோப்புக்காரர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

வீட்டில் சோப்பு செய்து விற்பவர்களில் பலர், ஓர் ஈடு, அதாவது ஒரு தடவை ஊற்றிய சோப்பு, கெட்டதும் செய்முறையை மாற்றிவிடுகிறார்கள். எண்ணெயைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள், வேறொரு வீடியோ பார்க்கிறார்கள், புது அச்சு வாங்குகிறார்கள். அடுத்த ஈட்டிலும் அதே கோளாறு வந்து நிற்கிறது. நம் கடலோரத்தில் நான் பார்த்த வரைக்கும் செய்முறையால் கெட்ட சோப்பு குறைவு. எடை, தண்ணீர், காற்றின் ஈரம் என்ற மூன்றில் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். குளிர்நாட்டு வீடியோக்கள் இந்த மூன்றையும் நமக்காகச் சொல்வதில்லை. அங்கே தேங்காய் எண்ணெயை உருக்க வேண்டும், இங்கே அது வருஷத்தில் முக்கால்வாசி நாள் தானே உருகித்தான் இருக்கிறது. அங்கே அச்சைக் கம்பளியால் போர்த்தச் சொல்வார்கள், சித்திரை வைகாசியில் நாம் அதைச் செய்தால் சோப்பு பொங்கி வெளியே வரும்.

கீழே ஒவ்வொரு கோளாறையும் தயாரிப்பவர்கள் வாயால் சொல்கிற மாதிரியே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் கோளாறைத் தேடுவதற்கு முன் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணெயின் எடை, காஸ்டிக் சோடா (எண்ணெயைச் சோப்பாக்கும் காரம்) டப்பா திறந்த தேதி, எந்தத் தண்ணீர், என்ன வாசனை, அன்றைக்கு மழையா வெயிலா: இவ்வளவும் அதில் இருந்தால் காரணம் பாதி கண்டுபிடித்தாயிற்று. குறிப்பேடே இல்லையென்றால் இன்றைக்கு ஆரம்பியுங்கள். அது இல்லாமல் செய்கிற திருத்தம் எல்லாம் ஊகம்தான்.

பாதுகாப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொட்டுங்கள், அதன் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கரைசல் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடேறும், ஆவி தொண்டையைப் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். அலுமினியக் குண்டான் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரிக்கும், அப்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். எவர்சில்வர் அல்லது கெட்டி பிளாஸ்டிக் வாளி போதும். கையில் தெறித்தால் வினிகர் தேடாதீர்கள். குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் காட்டுங்கள். கண்ணில் பட்டால் அதே போலக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

"நாக்குல வச்சா சுள்ளுங்குது"

ஈர விரலால் சோப்பைத் தேய்த்து நாக்கு நுனியில் வைத்தால், பேட்டரி முனையைத் தொட்ட மாதிரி சுள்ளென்று இழுக்கிறதா? அப்படியானால் காஸ்டிக் மிஞ்சியிருக்கிறது. வெறும் சோப்புச் சுவைதான் என்றால் பிழையில்லை. பிஎச் தாளை மட்டும் நம்பாதீர்கள். நல்ல சோப்பே 9, 10 காட்டும், ஆகவே அந்தத் தாள் நல்லதையும் கெட்டதையும் பிரித்துச் சொல்லாது. வெட்டும்போது உதிர்வது, உள்ளே வெள்ளைக் குழிகளில் நீர் கசிவது இவையும் இதே நோயின் அடையாளங்கள். செய்து இரண்டு நாள் ஆன சோப்பு இலேசாகச் சுள்ளென்றால் பயப்பட வேண்டாம். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

ஒரு வாரத்துக்குப் பிறகும் இருந்தால் முதல் சந்தேகம் லிட்டர்க் கணக்கின் மேல். நம் கடைகளில் எண்ணெய் லிட்டரில்தான் வருகிறது. ஆனால் 1 லிட்டர் தேங்காய் எண்ணெய் 1 கிலோ இல்லை, சுமார் 915 கிராம். 1000 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு, 5 சதவீதம் எண்ணெய் சோப்பாகாமல் மிச்சம் நிற்கும்படி கணக்குப் போட்டால் காஸ்டிக் ஏறக்குறைய 174 கிராம் வரும். உண்மையில் சட்டியில் இருக்கும் 915 கிராமுக்கு, ஒரு சொட்டு எண்ணெய் மிச்சமில்லாமல் முழுக்கச் சோப்பானாலும் தேவை 167 கிராம்தான். மிச்சமிருக்கும் 6, 7 கிராம் காஸ்டிக் நேராக வாங்கியவர் தோலுக்குப் போகிறது. பாக்கெட்டைப் பார்த்து ஊற்றாதீர்கள். பாத்திரத்தைத் தராசில் வைத்து, பூஜ்ஜியமாக்கி, எண்ணெயை நிறுத்து ஊற்றுங்கள்.

இரண்டாவது சந்தேகம் தராசு. கடற்காற்றில் மலிவான டிஜிட்டல் தராசு சீக்கிரம் தடுமாறும். தெரிந்த மளிகைக் கடையில் முத்திரை குத்திய 100 கிராம், 500 கிராம் எடைக்கல்லை இரவல் கேட்டு மாதம் ஒருமுறை வைத்துப் பாருங்கள். பேட்டரி தளர்ந்தாலும் எண் பொய் சொல்லும்.

மூன்றாவது, ஒரு எண்ணெய்க்குப் பதில் இன்னொன்றை மாற்றிவிட்டுப் பழைய காஸ்டிக் அளவையே போடுவது. ஒவ்வொரு எண்ணெய்க்கும் கணக்கு வேறு. கிராம் ஒன்றுக்குத் தேங்காய் எண்ணெய் சுமார் 0.183 கிராம் காஸ்டிக் கேட்கும், மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் 0.137, நல்லெண்ணெய் 0.134, விளக்கெண்ணெய் 0.128. தேங்காய் 500, மல்லாட்டை 400, விளக்கெண்ணெய் 100 என்று வைத்தால் 91.5, 54.8, 12.8 சேர்ந்து 159.1. அதில் 5 சதவீதம் கழித்தால் 151 கிராம் காஸ்டிக். தண்ணீர் அதற்கு இரண்டு பங்கு, 302 கிராம். தேங்காய் எண்ணெய் விலை ஏறும்போது அதைக் குறைத்து மல்லாட்டையைக் கூட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை மறுபடி போடாமல் சட்டியை அடுப்படிக்குக் கொண்டு போகக் கூடாது.

சரிசெய்வது: எவ்வளவு எண்ணெய் குறைந்தது என்று குறிப்பேட்டில் தெரிந்தால், சோப்பைத் துருவி, கொஞ்சம் தண்ணீரும் விடுபட்ட எண்ணெயும் சேர்த்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, கஞ்சிப் பதம் வரும் வரை உருக்கி மறுபடி அச்சில் அழுத்துங்கள். ஆறியதும் நாக்குச் சோதனை. எவ்வளவு மிஞ்சியது என்றே தெரியாவிட்டால் அந்த ஈட்டை விற்காதீர்கள். பாதி விலைக்கும் கொடுக்காதீர்கள்.

"ரெண்டு நாள் ஆச்சு, இன்னும் கொழகொழன்னு இருக்கு"

இது எதிர்ப்பக்கக் கோளாறு: காஸ்டிக் போதவில்லை, அல்லது எண்ணெயே சோப்பாகிற எண்ணெய் இல்லை.

காஸ்டிக் சோடா காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், கரியமில வாயுவையும் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் டப்பாவை அரை மணி திறந்து வைத்தாலே செதில்கள் நசநசக்க ஆரம்பிக்கும். அப்படி ஈரமான 150 கிராமில் ஒரு பங்கு வேலை செய்யாத சரக்காக இருக்கும். தராசு சரியாகத்தான் காட்டும், சோப்புதான் இறுகாது. செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சலசலவென்று கொட்ட வேண்டும். கட்டியாகியிருந்தால் அதைச் சோப்புக்கு எடுக்காதீர்கள். ஒரே பெரிய மூட்டையாக வாங்குவதை விட, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் அரைக் கிலோ அரைக் கிலோவாகப் பிரித்து வைத்தால் மழைக்காலத்திலும் தாங்கும். சாக்கடை அடைப்பு எடுக்கும் பொடியை, காஸ்டிக்தானே என்று போடுகிறவர்களும் உண்டு. அதில் அலுமினியத் துகள் முதலியவை கலந்திருக்கலாம், வேண்டவே வேண்டாம். ரசாயனக் கடையில் தூய்மை 98 சதவீதத்துக்குக் குறையாத செதிலாகக் கேட்டு வாங்குங்கள்.

எண்ணெய்ப் பக்கம் நம்மூரில் அடிக்கடி நடப்பது, விளக்கெண்ணெய்க்குப் பதில் தீப எண்ணெய் வாங்கி வருவது. விளக்கெண்ணெய் ஆமணக்கிலிருந்து வருவது. பூஜைச் சாமான் அடுக்கில் இருக்கும் தீப எண்ணெய் பலவற்றின் கலவை. அதில் என்ன எவ்வளவு என்று தெரியாமல் காஸ்டிக் கணக்குப் போட முடியாது. தலைக்குத் தடவும் வாசனை எண்ணெய்களிலும் மினரல் ஆயில் கலந்தவை உண்டு. மினரல் ஆயில் எந்தக் காலத்திலும் சோப்பாகாது, பிசுபிசுவென்று அப்படியே நிற்கும். அட்டையில் உள்ள பொருள் பட்டியலைப் படித்து, சமையலுக்கு விற்கிற தேங்காய் எண்ணெயையே வாங்குங்கள்.

இரண்டும் சரியென்றால் பொறுமையாக இருங்கள். நல்லெண்ணெயும் மல்லாட்டை எண்ணெயும் கூடிய சோப்பு அச்சிலிருந்து வர மூன்று நான்கு நாள்கூட எடுக்கும். அடுத்த ஈட்டில் தண்ணீரைக் குறையுங்கள்.

"வாசனை ஊத்தினதும் சட்டியிலேயே இறுகிடுச்சு"

கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்களும், மல்லிகை போன்ற செயற்கைப் பூ வாசனைகள் பலவும் கலவையைச் சட்டென்று இறுக்கும். கலவை சூடாக இருந்தால் இன்னும் வேகம். கரைசலையும் எண்ணெயையும் நன்றாக ஆறவிட்டு, பிளெண்டரை நிறுத்திவிட்டு, வாசனையைக் கரண்டியால் கலக்குங்கள். புது வாசனை எதுவானாலும் முதலில் 200 கிராம் எண்ணெயில் மட்டும் பாருங்கள். இறுகிப்போனதைத் தூக்கிப் போட வேண்டாம். மேலே சொன்ன இரட்டைப் பாத்திர முறையில் வேகவைத்து அச்சில் அழுத்திவிடலாம். பார்க்க முரடாக இருக்கும், குளிக்க நன்றாக இருக்கும்.

புதுச்சேரியில் ஊதுவத்தித் தயாரிப்பு அதிகம், அதற்கான வாசனைக் கலவையும் மலிவாகக் கிடைக்கிறது. அது எரிப்பதற்கு என்று கலந்தது, தோலுக்கு அல்ல. தோலில் படும் பொருளுக்கு ஏற்றது என்று விற்பவர் எழுத்தில் தராத வாசனையை வாங்காதீர்கள். விலை வித்தியாசம் கண்ணை உறுத்தத்தான் செய்யும், இருந்தாலும் வாங்காதீர்கள்.

"மேலே எண்ணெய் மிதக்குது"

சீக்கிரம் ஊற்றிவிட்டீர்கள். கலவை கெட்டியானதாகத் தோன்றி ஏமாற்றும். கரண்டியால் எடுத்துக் கோடு போட்டால் அந்தக் கோடு மேலே நிற்க வேண்டும், அதுவரை கலக்க வேண்டும். உடனே கவனித்தால் அச்சிலிருந்து திருப்பி ஊற்றி மறுபடி கலக்கலாம். மறுநாள் பார்த்தீர்களென்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், எண்ணெய்க்கு அடியில் சோப்பாகாத காஸ்டிக் நிற்கும். எல்லாவற்றையும் வழித்து வேகவைப்பதுதான் வழி.

"மேலே வெள்ளை பூத்திருக்கு"

மேற்பரப்பில் மட்டும் மெல்லிய பொடியாக இருந்தால் அது சோடியம் கார்பனேட். சோப்பாகாமல் மேலே இருந்த காஸ்டிக், காற்றோடு சேர்ந்து ஆனது. தீங்கில்லை. ஈரத் துணியால் துடைத்தால் போகும். ஊற்றியதும் அச்சின் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் மூடினாலும், தண்ணீரைக் குறைத்தாலும் அடுத்த முறை குறையும். வெட்டிய உட்பக்கத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் மட்டும் நாக்குச் சோதனைக்குத் திரும்புங்கள்.

"அச்சை விட்டுப் பொங்குது, நடுவுல விரிசல்"

சூடு மிஞ்சியிருக்கிறது. எண்ணெயும் காஸ்டிக்கும் சேரும்போதே சூடு பிறக்கும். ஆட்டுப்பால், தேங்காய்ப்பால், இளநீர், தேன், கருப்பட்டி என்று இனிப்புள்ள எதைச் சேர்த்தாலும் அது இரட்டிப்பாகும். கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டுக்குள், மரப்பெட்டி அச்சில், மேலே துண்டும் போர்த்தினால் பொங்காமல் என்ன செய்யும்?

பாலைப் பனிக்கட்டியாக உறைய வைத்து, அதன் மேல் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரையுங்கள். கோடையில் பால் சோப்பை விடியற்காலையில் செய்யுங்கள், மூடாதீர்கள், பக்கத்தில் ஃபேனைத் திருப்பி வையுங்கள். பால் ஆரஞ்சு நிறமாகி அமோனியா வாடை அடித்தால் பயப்பட வேண்டாம். பாலின் சர்க்கரை கருகியதும் புரதம் சிதைந்ததும்தான் அது, வாடை உலர உலரப் போய்விடும். ஏற்கெனவே பொங்க ஆரம்பித்ததைக் கரண்டியால் அடக்கி, அச்சைக் குளிர்ந்த இடத்துக்கு நகர்த்துங்கள். விரிசல் விட்டது விற்பனைக்கு அழகில்லை, ஆனால் நாக்குச் சோதனையில் தேறினால் நல்ல சோப்புதான். நடுவில் மட்டும் கருத்த வட்டம் விழுவதும் சூட்டுக் கோளாறுதான்: நடு சூடேறியது, ஓரம் ஆறிவிட்டது. தரத்துக்கு ஒன்றும் இல்லை.

"சோப்பு வேர்க்குது"

நம் கரையோரத்தின் பெரிய தலைவலி இது. எண்ணெய் சோப்பாகும்போது கூடவே கிளிசரின் பிறக்கிறது. கையால் செய்த சோப்பின் மென்மைக்கு அதுதான் காரணம், காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதும் அதுதான். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சோப்பின் மேல் முத்து முத்தாக நீர் நிற்கும். பேஸ் சோப்பில், அதாவது கடையில் ஆயத்தமாக வாங்கி உருக்கி ஊற்றும் சோப்பில், கிளிசரின் தனியாகவும் சேர்த்திருப்பதால் இன்னும் மோசம். சோப்பு கெடவில்லை. ஆனால் ஈரத்தோடு தாளில் சுற்றினால் தாள் ஒட்டும், மை கலங்கும், வாங்கியவர் கெட்டுப்போனதென்றே நினைப்பார்.

பேஸ் சோப்பை ஆறி இறுகிய அன்றே, மேலே நீர் அரும்பும் முன், பிளாஸ்டிக் உறையில் காற்றில்லாமல் சுற்றிவிடுங்கள். எண்ணெயிலிருந்து செய்த சோப்பை அப்படி அடைக்க முடியாது, அது நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றில் உலர வேண்டும். கடலைப் பார்த்த ஜன்னலை மூடிய அறையில், மூங்கில் தட்டில், கட்டிக்குக் கட்டி விரல் இடைவெளி விட்டு, மெல்லிய ஃபேன் காற்றில் வையுங்கள். மழைக்காலத்துக்கு ஆறு வாரத்தையே கணக்கில் கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் மொத்தமாக நனைந்துவிடும். வேர்த்த சோப்பைத் தேய்த்துத் துடைக்காமல், வறண்ட அறையில் விட்டால் தானே இழுத்துக்கொள்ளும்.

உப்புச் சோப்பு செய்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே மரக்காணம் உப்பளம் இருக்கிறது, அந்தக் கல் உப்பைப் போட்டால் பெயரும் அழகாக அமைகிறது. ஆனால் சுத்திகரிக்காத கடல் உப்பில் மெக்னீசியம் உப்புகள் இருக்கும், அவை ஈரத்தை இழுப்பதில் கிளிசரினுக்குச் சளைத்தவை அல்ல. கல் உப்பை நன்றாக வறுத்துப் பொடித்தாலும் திரும்ப நனையும். உள்ளே சுத்திகரித்த தூள் உப்பைப் போட்டு, கல் உப்பை மேலே அலங்காரத்துக்குக்கூடத் தூவாமல் விடுவது நல்லது.

புயல் காலத்துக்கு ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் இல்லை, ஃபேன் இல்லை, தரையில் தண்ணீர். எச்சரிக்கை வந்ததும் உலர்கிற சோப்பைத் தரை மட்டத்திலிருந்து உயரமான அலமாரிக்கு மாற்றுங்கள், காஸ்டிக் டப்பாவை அதற்கும் மேலே. வெள்ளத் தண்ணீர் காஸ்டிக்கைத் தொட்டால் நடப்பது சோப்பு நஷ்டத்தோடு முடியாது.

"ஆரஞ்சுப் புள்ளி வருது, சிக்கு வாடை அடிக்குது"

எண்ணெய் காறிவிட்டது. இரண்டு மாதம் நன்றாக இருந்த சோப்பில் திடீரென்று புள்ளி தோன்றிப் பரவும். காரணம் பல, ஒன்றொன்றாக விலக்கிப் பாருங்கள்.

இரும்பும் செம்பும் எண்ணெய் காறுவதை வேகப்படுத்தும். புள்ளிகள் கம்பி வரிசையிலேயே இருந்தால் உலர்த்தும் இரும்புத் தட்டில் கடற்காற்றுத் துரு பிடித்திருக்கிறது. தட்டை மாற்றுங்கள். எங்கும் பரவலாக இருந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். போர் தண்ணீரைக் குடத்தில் பிடித்து இரவு முழுக்க வைத்தால் அடியில் செம்மண் நிறம் படிகிறதென்றால் அதில் இரும்பு இருக்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது, வாங்கும்போது அமிலம் கலந்த பேட்டரித் தண்ணீர் இல்லையே என்று கேட்டு வாங்குங்கள். ஆர்.ஓ. தண்ணீரும் பரவாயில்லை. ஏசியிலிருந்து சொட்டுவது வேண்டாம், அது செம்புக் குழாயிலும் அலுமினியத் தகட்டிலும் வழிந்து வருகிற தண்ணீர்.

அடுத்தது எண்ணெயின் வயசு. மரச்செக்கு மல்லாட்டை எண்ணெய் மணமாகத்தான் இருக்கும், ஆனால் வடிகட்டாத கசடோடு வெயிலில் வைத்திருந்தால் சோப்பாகும் முன்பே காறத் தொடங்கிவிடும். தெளியவைத்து மேலாக எடுங்கள், முகர்ந்து பாருங்கள், ஒரு மாதத்துக்குத் தேவையானது மட்டும் வாங்குங்கள். சூரியகாந்தி, சோயா எண்ணெய்கள் சீக்கிரம் காறும். மொத்த எண்ணெயில் அவை 15 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். பொரித்த எண்ணெயைக் குளியல் சோப்புக்கு எடுக்காதீர்கள்.

உலோகத்தைக் கட்டிப்போடச் சிட்ரிக் அமிலம் உதவும். எண்ணெய் எடையில் 1 சதவீதம் போதும். ஆனால் அது காஸ்டிக்கைத் தின்னும்: நீரற்ற சிட்ரிக் அமிலம் 10 கிராமுக்குக் காஸ்டிக் 6.2 கிராம் கூடுதலாகப் போட வேண்டும். இந்தக் கூடுதலை மறந்தால் மேலே சொன்ன கொழகொழப்பு வரும். புள்ளி வந்த சோப்புக்கு மருந்து இல்லை. வெட்டி எடுத்தாலும் வாடை போகாது. வீட்டில் கைகழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

"எங்க வீட்டுத் தண்ணில நுரையே வரல"

வாங்கியவர் சொன்னால் முதலில் அவர் வீடு எங்கே என்று கேளுங்கள். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் நிலத்தடி நீரில் உப்பும் கடினமும் ஏறியிருக்கிறது. கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரைக்குப் பதிலாகப் பிசுக்காகிவிடும், பக்கெட் ஓரத்தில் படிகிற வெள்ளைக் கறை அதுதான். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். ஆகவே உள்ளூருக்குச் செய்கிற சோப்பில் அதைக் குறைக்காதீர்கள், விளக்கெண்ணெய் 5 முதல் 10 சதவீதம் சேருங்கள். மேலே சொன்ன சிட்ரிக் அமிலம் இங்கேயும் கைகொடுக்கும். தேங்காய் எண்ணெய் மட்டுமே போட்டால் தோல் வறளும். அப்படிச் செய்ய விரும்பினால் எண்ணெய் மிச்சத்தை 5 சதவீதத்தில் நிறுத்தாமல் 20 வரை கொண்டு போக வேண்டும்.

"செம்பருத்தி போட்டேன், பழுப்பா ஆயிடுச்சு"

காஸ்டிக்கின் முன்னால் பூ நிறம் நிற்காது. செம்பருத்தி, பீட்ரூட், சங்குப்பூ எல்லாம் சில நாளில் மங்கிப் பழுப்பாகும். மஞ்சள் முதலில் செங்காவியாகி, பிறகு தெளியும், வெயில் பட்டால் வெளுக்கும். நிற்கிற நிறம் வேண்டுமென்றால் செம்மண், முல்தானி மட்டி, கரித்தூள் இவற்றை நம்பலாம். வெண்ணிலா வாசனையில் வெனிலின் இருக்கும், அது சோப்பைத் தானே பழுப்பாக்கும்.

கடலூர்க் கரையோர ஊர்களில் வெட்டிவேர் விளைகிறது, அதை வைத்து நம் ஊர் அடையாளத்தோடு ஒரு சோப்பு செய்வதை மனதார வரவேற்கிறேன். ஆனால் மிக்ஸியில் அரைத்த வேர்த்தூள் தோலைக் கீறும். வஸ்திரகாயம் செய்து, அதாவது மெல்லிய துணியில் சலித்து, மாவாக இறங்கியதை மட்டும் சேருங்கள். நார் மிஞ்சியதை ஒரு வாரம் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, அந்த எண்ணெயில் சோப்பு செய்யலாம்.

"பேஸ்ல செஞ்ச சோப்புல பூஞ்சை"

பேஸை உருக்கி அதில் பச்சைக் கற்றாழை, தயிர், குப்பைமேனிச் சாறு என்று ஊற்றினால் பூஞ்சை வரத்தான் செய்யும். பேஸில் இருக்கும் பாதுகாப்பு பேஸுக்கு மட்டும் போதுமானது, நீங்கள் சேர்க்கும் பச்சைச் சாற்றுக்கு அல்ல. உலர்ந்த பொடியைக் கிளிசரினில் குழைத்துச் சேருங்கள். நலங்கு மாவு அடியில் தங்கினால் பேஸ் அதிகச் சூட்டில் இருந்தது என்று பொருள். கொஞ்சம் கெட்டியாகும் வரை கலக்கிவிட்டு ஊற்றுங்கள். பூஞ்சை கண்ட சோப்பைச் சுரண்டி விற்காதீர்கள்.

"வாங்கினவங்களுக்கு அரிக்குதாம்"

முதல் வேலை, அந்த ஈடு முழுவதையும் கடையிலிருந்து திரும்ப எடுப்பது. இதற்காகத்தான் ஒவ்வொரு அட்டையிலும் ஈட்டு எண் போட வேண்டும். நாக்குச் சோதனை செய்யுங்கள், தேறினால் வாசனையின் அளவைப் பாருங்கள். வாசனை எண்ணெய்கள் பொதுவாக எண்ணெய் எடையில் 2, 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கிராம்பும் பட்டையும் அதிலும் மிகக் குறைவாக. வாங்கியவரிடம் வாதாடாமல் சோப்பை நிறுத்தச் சொல்லி, அரிப்பு அடங்காவிட்டால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு சோப்பு கொடுத்துச் சமாதானம் செய்யாதீர்கள். படை, சொரியாசிஸ், வெண்புள்ளி தீரும் என்று அட்டையில் எழுதவே கூடாது. நோயைத் தீர்க்கும் என்று சொன்ன கணத்தில் அது சட்டத்தின் கண்ணில் மருந்து.

"அட்டையில 100 கிராம், தராசுல 88"

உலரும்போது தண்ணீர் போகிறது, எடை குறைகிறது. வெட்டிய அன்று 100 கிராம் இருந்தது ஆறு வாரத்தில் இருக்காது. 115, 120 கிராமாக வெட்டி, உலர்ந்த பிறகு நிறுத்து, அப்போதுள்ள குறைந்த எடையை அட்டையில் போடுங்கள். பொட்டலப் பொருள்களுக்கான 2011 விதிகளின்படி தயாரிப்பவர் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் வருடமும், வரி உட்பட அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு இவையெல்லாம் அட்டையில் இருக்க வேண்டும்.

"நல்லா விக்குது, காசுதான் தங்கல"

எண்ணெய் விலையை மட்டும் கூட்டி விலை வைத்திருப்பீர்கள். வாசனை, அட்டை, கெட்டுப்போன ஈடு, கடைக்காரர் பங்கு, உங்கள் கூலி இவற்றையும் சேருங்கள். ஆறு வாரம் தட்டில் உலர்கிற சோப்பு என்பது ஆறு வாரம் முடங்கிய பணம். 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறியபோது பழைய விலைக்கே ஆர்டர் எடுத்தவர்களுக்குத்தான் அடி விழுந்தது. எண்ணெய் கைக்கு வந்த பிறகே மொத்த ஆர்டருக்கு விலை சொல்லுங்கள்.

"கடைக்காரர் லைசன்ஸ் கேக்குறார்"

அவர் கேட்பது சரி. 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தில் முன்பு சோப்புக்கு விலக்கு இருந்தது, 1982 திருத்தத்தில் அது எடுக்கப்பட்டது. இப்போது 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி, விற்பனைக்குக் குளியல் சோப்பு தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் சிஓஎஸ்-5 படிவத்தில் விண்ணப்பித்து, சிஓஎஸ்-8 உரிமம் பெற வேண்டும். தனி இடமும், தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையும் கேட்பார்கள். அது இயலாவிட்டால், உரிமம் உள்ள ஒருவரின் கூடத்தில் உங்கள் பெயரில் தயாரிக்க லோன் லைசன்ஸ் என்ற வழி உண்டு. சுயஉதவிக் குழுவாக இருப்பவர்கள் சேர்ந்து ஒரே கூடத்துக்கு உரிமம் வாங்கினால் சுமை குறையும்.

ஜிஎஸ்டியில் நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. சரக்கு விற்பவர்களுக்குப் பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். வரம்புக்குள் இருந்தாலும், புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டிக் கடலூர்க் கடைக்குச் சோப்பு அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம் விற்பது. கடலூரிலிருந்து புதுச்சேரிக் கடைக்குப் போட்டாலும் அப்படியே. அதற்குத் தொகை எவ்வளவு சிறியதானாலும் முதலிலேயே பதிவு வேண்டும். குளியல் சோப்புக் கட்டிக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, பழைய பில் புத்தகத்தில் 18 அச்சடித்து வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். பதிவு எடுக்கும் வரை எல்லைக்கு உங்கள் பக்கத்தில் உள்ள கடைகளுக்கு மட்டும் கொடுங்கள். அந்தப் பக்கத்துக் கடைக்காரர் அவசரப்படுத்தினாலும், பதிவு எண் வந்த பிறகு முதல் பெட்டியை அனுப்புங்கள்.